வலது பக்கத் தகடு

நடந்தவை, வரிசைப்படி:

1. நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பா ஒரு பழைய மெட்டடோர் வேன் வாங்கினார்.
2. அக்காவின் சக்கர நாற்காலி அப்படியே உருண்டு ஏறும்படி அதை மாற்றிக் கட்ட ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் வீட்டில் ஒரு ஸ்டூல்கூடச் செய்ததில்லை.
3. சோதனைகளுக்கெல்லாம் அக்காவுக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்தார்.
4. வேலை முடிந்ததும், ஊர் வழக்கப்படி வண்டியை முதலில் மலையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனோம்.
5. பாதிச் சுற்றில் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

நம் வகுப்பு வாட்சப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஏய், அந்த ஆர்க்கெஸ்ட்ரா வண்டி உங்க ஊட்டுதுதான? உங்கப்பா பாட்டுக் கச்சேரி வெச்சிருந்தாரா?" அவளுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே உள்ள ஐந்து வரி வந்தது. படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒன்றுமே சொன்ன மாதிரி இல்லை. சூரியனுக்கு ஒன்பது கிரகம் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாம். குழுவில் இப்போது முழங்கால் வலிக்கு எண்ணெய் சொல்கிறோம். ஒரு பழைய வண்டியைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகப் பேசினால் தப்பில்லை.

அப்பா அப்போது வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தார். எங்கள் வீடும் அங்கேயே, புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவில். வேன் அடி அண்ணாமலையில் ஒரு மல்லாட்டைக் கொல்லையின், அதாவது நிலக்கடலை வயலின், ஓரத்தில் நின்றிருந்தது. ஒருகாலத்தில் ஏதோ ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவின் வண்டி. குழு கலைந்த பிறகு கொல்லைக்காரர் அதில் கோழி அடைத்து வைத்திருந்தார். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார்கள்.

கதவைத் திறந்ததும் வந்த வாசனை இப்போதும் எனக்கு வரும்: கோழி எச்சம், பீடி, அதற்கும் அடியில் யாரோ ஒருவரின் தலையில் தடவிய மல்லிகை எண்ணெய். தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. உள்ளே நின்றால் காலுக்குக் கீழே எங்கள் வாசல் மண் தெரியும். கூரையில் மைக் கம்பிகளை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து வெயிலில் வெளுத்து எலும்பு நிறமாகியிருந்தது. அந்த வண்டியில் வேலை செய்த ஒரே பொருள் ஹாரன். பாட்டு ஹாரன். அமுக்கினால் நான்கு சுரம் மேலே ஏறி, ஐந்தாவதில் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு அத்தை மதில்மேல் கையூன்றிக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்: "என்னாங்க, சாரு வேலைய உட்டுட்டு கச்சேரி வெக்கப் போறாரா? நீங்க பாடுவீங்களா, இல்ல அவரே பாடுவாரா?"

"நான் ஒப்பாரிதான் பாடணும்," என்றார் அம்மா.

அந்த வேன் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு, செங்கம் சாலையில், அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த அக்கா விழுந்தாள். அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அக்காவுக்கு முதுகெலும்பு. அதன்பின் அப்பா ஸ்கூட்டரைத் தொடவில்லை. அக்கா நடக்கவில்லை. ஓராண்டு விட்டுப்போன பிறகு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை எழுதினாள். பரீட்சை நாட்களில் அப்பாதான் அவளை இரண்டு கையிலும் ஏந்தி ஆட்டோவில் வைப்பார், இறக்குவார். அப்படித் தூக்கப்படுவதை அவள் வெறுத்தாள். தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நல்ல மதிப்பெண் வந்தது. ஊரிலேயே கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் அவள், "தபால்ல படிச்சிக்கிறேன். புக்கு ஊட்டுக்கே வந்துடும்," என்று சொல்லிவிட்டாள்.

அம்மா மாவாட்டிக்கொண்டே அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது. "இந்த வருசம் ஊட்லயே குந்திட்டாள்னா அவ்ளோதான். அப்புறம் எப்பவுமே வெளிய வர மாட்டா. எழுதி வெச்சிக்கோங்க."

அப்பா எழுதி வைக்கவில்லை. வேன் வாங்கினார்.

அக்காவிடம் போய், "உன்னை யாரும் தூக்க வேணாம்மா. நாற்காலியோட ஏறிடலாம், நாற்காலியோட இறங்கிடலாம்," என்றார்.

அக்கா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "சரி, கட்டுங்க. மொதல்ல மலைய ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். அப்புறம் காலேஜ் பத்தி சொல்றேன்."

விழுவதற்கு முன் அவள் தினமும் காலையில் மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்துதான் படிப்பாள். இப்போது அவள் அறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டு மதில். ஆட்டோவில் போகும்போது அப்பாவின் தோளில் சாய்ந்திருப்பாள். தெரிவது ஆட்டோக் கூரையின் ரெக்சின் மட்டும். அதனால் அந்த நிபந்தனையில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அதன் முழு அர்த்தத்தை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

வேலை தொடங்கியது. அப்பா வரைபடத்தில் கெட்டிக்காரர். கட்டத்தாளில் வேனின் பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், பின் தோற்றம் எல்லாம் கூர்மையான பென்சிலில் வரைந்தார். இன்றைக்கு அதே வேலையைக் கணினியில் செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: குறை சொல்ல முடியாத வரைபடங்கள். ஆனால் வெல்டிங் வேறு விஷயம். தெருக்கோடியில் கிரில் கதவு செய்யும் பட்டறை வைத்திருந்த பாய், வெல்டிங் செட்டையும் கறுப்புக் கண்ணாடி முகமூடியையும் கொடுத்து, முதல் நாள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"சார், கரண்ட் ஜாஸ்தி வெச்சிட்டீங்க. தகடு ஓட்டை ஆவுது பாருங்க."

அப்பா குறைத்தார்.

"இப்ப ரொம்ப கம்மி. ஒட்டவே இல்ல." பாய் குனிந்து பார்த்தார். "இது வெல்டிங்கா சார், காக்கா எச்சமா?"

"புடிச்சி இழுத்துப் பாருங்க பாய், வருதான்னு."

பாய் இழுத்தார். வந்தது. அன்று மாலை முழுக்கப் பாய் பட்டறையில் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பால்காரர் வந்து சொன்னார்.

மே மாதத்தில் தகடு தொட முடியாதபடி கொதிக்கும். அப்பா அலுவலகம் போவதற்கு முன்பும் வந்த பின்பும்தான் வேலை செய்வார். துருவைச் சுரண்டும் ஓசை பல்லில் கூசும். கிரைண்டர் போட்டால் தீப்பொறி மதில் வரைக்கும் போகும். அம்மா கொடியில் காயப்போட்ட துணிகளில் பொடிப்பொடியாக ஓட்டைகள் விழுந்தன. பழைய தரையைப் பெயர்த்தபோது கிடைத்தவை: ஒரு கிடார் கம்பிச் சுருள், ஒற்றைக் கொலுசு, புள்ளி போட்ட கழுத்து டை ஒன்று, ஏகப்பட்ட கோழி இறகு. கொலுசை நான் எடுத்துக்கொண்டேன். எங்கே போனதோ தெரியவில்லை.

சாய்தளம்தான் பெரிய பாடு. வேனின் பின்கதவு வழியாக நாற்காலி ஏற வேண்டும். பூப்போட்ட இரும்புத் தகட்டில், இறக்கிப் போட்டு மடித்து வைக்கும்படி ஒன்றைச் செய்தார். அதைச் சோதிக்க நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும். அக்காவை வாசலுக்குக் கொண்டுவந்தால் தெரு முழுக்க நின்று பார்க்கும் என்று அப்பா அவளைக் கூப்பிடவே இல்லை. கிட்டத்தட்ட அவள் எடைக்கு ஓர் அரிசி மூட்டையை நாற்காலியில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டினார். அதன் பிறகு எல்லா அளவும் அந்த மூட்டையை வைத்துத்தான்: தலை இடிக்குமா, பிரேக் போட்டால் முன்னால் சாயுமா, பள்ளத்தில் குதித்தால் நாற்காலியைத் தரையோடு மாட்டும் கொக்கி பிடித்துக்கொள்ளுமா.

அக்கா தன் அறையிலிருந்தே எல்லாவற்றையும் காதால் கவனித்துக்கொண்டிருந்தாள். மூட்டைக்கு 'டூப்பு' என்று பெயர் வைத்தாள். சினிமாவில் கதாநாயகிக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பார்களே, அந்த டூப்பு.

"அப்பா, என் டூப்புக்கு டீ காபி எதுனா குடுத்தீங்களா?"

முதல் சாய்தளம் செங்குத்தாகிவிட்டது. அப்பா பாதி தூரம் தள்ளியவுடன் கை வழுக்கியது. நாற்காலி பின்னாலேயே உருண்டு, வாசலைத் தாண்டி, பெயிண்ட் டப்பாக்களில் மோதிச் சாய்ந்தது. மூட்டை பிரிந்து அரிசி தெருவில் கொட்டியது. எங்கிருந்தோ நாலு கோழி ஓடி வந்தன.

"என்னா சத்தம்? டூப்பு செத்துடுச்சா?" என்று உள்ளிருந்து அக்கா கத்தினாள்.

"வாயக் கழுவுடி!" என்று அம்மா திரும்பக் கத்தினார். அப்பா அரிசிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கவிழ்ந்த நாற்காலியின் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். மறுநாள் சாய்தளத்தை நீளமாக்கி, நடுவில் கீல் வைத்து மடிக்கும்படி செய்தார். அது கடைசி வரை நன்றாக உழைத்தது.

இனி வலது பக்கம்.

வேனின் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் இருந்தன. வலது பக்க ஜன்னல் சட்டங்களைத் துரு அரித்திருந்தது. அப்பா அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, டிரைவர் கதவுக்குப் பின்னாலிருந்து கடைசி வரைக்கும் ஒரே தகடாக அடைத்தார். "உறுதியா இருக்கும்," என்றார். பாயும் ஒப்புக்கொண்டார்: "மூடிடுங்க சார். வெயிலு வராது, ஏசி மாதிரி இருக்கும்." இடது பக்க ஜன்னலுக்கு அம்மா பழைய புடவையில் திரை தைத்தார்.

துரு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை நாட்களில் ஒருநாள் பேருந்து நிலையத்துக்கு அருகே ஆட்டோ நெரிசலில் நின்றது. நானும் கூட இருந்தேன். வலது பக்கத்தில் ஒரு பேருந்து ஒட்டி வந்து நின்றது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் குனிந்து உள்ளே பார்த்தார்கள். அக்கா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பேருந்து நகரும் வரை எடுக்கவில்லை. அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் பேருந்தைப் பார்த்தார். சாலையில் முந்திப் போகிற வண்டிகள் எல்லாம் வலது பக்கமாகத்தான் வரும் என்பது அவருக்கு அப்போதே மனதில் விழுந்திருக்க வேண்டும்.

வண்டிக்குத் தயிர் வெள்ளையில் பெயிண்ட் அடித்தார். இடது பக்கத்தில் பழைய எழுத்துகளைச் சுரண்டாமல் மேலேயே அடித்ததால், சாய்ந்த வெயிலில் 'இன்னிசை' என்று மேடாகத் தெரியும். நீங்களெல்லாம் பார்த்தது அதைத்தான். ஒரு மெக்கானிக் எஞ்சினை ஓட வைத்ததும், அப்பா வேன் ஓட்டப் பழகியதும், வாகன அலுவலகத்தில் மாற்றங்களுக்கு அனுமதி வாங்கியதும் தனிக்கதை, அதை விட்டுவிடுகிறேன்.

ஜூனில், பௌர்ணமி இல்லாத ஒரு சாதாரண நாள் காலையில் புறப்பட்டோம். கோயிலுக்கு முன்னால் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சை நசுக்கினோம். நம் ஊரில் புது வண்டி எதுவானாலும் முதல் ஓட்டம் மலையைச் சுற்றித்தான். அப்பா ஓட்டினார். அம்மா முன்சீட்டில். அக்கா நடுவில், நாற்காலியில், நாலு பக்கமும் கொக்கி போட்டு. நான் அவள் பக்கத்தில் ஒரு மடக்குப் பலகையில். அப்பா பாட்டு ஹாரனை ஒருமுறை அமுக்கினார். நான்கு சுரம், அப்புறம் மூச்சு. அக்கா சிரித்தாள். அவள் புதுத் துணி உடுத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

செங்கம் சாலைக்கு வந்தோம். அக்கா இடது பக்கத் திரையை விலக்கினாள். சைக்கிளில் போகும் வெள்ளைக்காரர்கள், காபிக் கடைப் பலகைகள், வாடகை அறை விளம்பரங்கள், ஆசிரமத்தைத் தாண்டியதும் மதில்கள், மாடுகள். வேன் முழுக்கப் புதுப் பெயிண்ட் நெடி. வலது பக்கத் தகடு அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. கிரிவலப் பாதையில் திரும்பினோம். முன்சீட்டிலிருந்து அம்மா வலது பக்கம் திரும்பித் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அக்கா கழுத்தை வளைத்து, அப்பாவின் தலைக்கும் அம்மாவின் தலைக்கும் நடுவில் தெரிந்த முன்கண்ணாடித் துண்டில் எதையோ தேடினாள். தார்ச்சாலைதான் தெரிந்தது.

"அப்பா, மலை எந்தப் பக்கம் வருது?"

"வலது பக்கம்தாம்மா. மலைய சுத்துறப்ப எப்பவும் வலது கைப் பக்கம்தான..."

வாக்கியம் அங்கேயே நின்றது. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

மலையைச் சுற்றும்போது மலை வலப்புறம் இருக்கும். நம் ஊரில் இது நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்கிற விஷயம். அப்பா எத்தனையோ பௌர்ணமி நடந்தவர். அம்மாவும். அந்தத் தகட்டை மூடச் சொன்ன பாய் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில். ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா எல்லாவற்றையும் அளந்திருந்தார். ஆனால் அரிசி மூட்டைக்குக் கண் கிடையாது.

"அப்படியே திருப்பி எதிர்ப்பக்கமா ஓட்டட்டுமா?" என்றார் அப்பா. "அப்ப மலை இடது பக்கம் வந்துடும்..."

"அப்பிரதட்சணமாவா? புது வண்டிய வெச்சிக்கிட்டு?" அம்மா பதறிவிட்டார். "புத்தி கித்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"சாமி குத்தம் வேற எதுக்குப்பா?" என்றாள் அக்கா. "நிறுத்துங்க. என்னை இறக்குங்க."

அடி அண்ணாமலை வந்திருந்தது. ஓரத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சு நிறைய ஆட்கள்.

"இங்கயா? ஆளுங்க இருக்காங்கம்மா. கொஞ்சம் தள்ளிப் போயி..."

"டூப்ப எத்தனை வாட்டி ஏத்தி எறக்குனீங்க? தெருவே நின்னு பாத்துச்சி. அப்ப மட்டும் ஆளுங்க இல்லியா?"

அப்பா எஞ்சினை நிறுத்தினார். பின்கதவைத் திறந்து சாய்தளத்தைப் போட்டார். கொக்கிகளைக் கழற்றும்போது அவர் விரல் ஒரு கொக்கியில் மாட்டி, விடுவிக்க நேரம் பிடித்தது. அக்கா பின்பக்கமாக இறங்கி வெயிலுக்கு வந்தாள்.

டீக்கடையில் பேச்சு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். அக்கா நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டாள். டீக்கடைக்குப் பக்கத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"யம்மா, அங்கருந்து பாத்தா கரண்டு கம்பம் மறைக்கும். இன்னும் கொஞ்சம் இப்டி வா." பிறகு பெஞ்சைப் பார்த்து, "யோவ், அந்த சைக்கிள நவுத்தேன். பொண்ணு பாக்குதில்ல?"

ஒருவர் எழுந்து சைக்கிளை நகர்த்தினார். அப்புறம் அவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவருடைய ஆடு இன்னொருவர் கொல்லையில் மேய்ந்த தகராறு. அவ்வளவுதான். பார்த்தார்கள், பார்த்து முடித்தார்கள்.

அக்கா பார்த்து முடிக்கவில்லை. எங்கள் மாடியிலிருந்து தெரியாத மேற்குப் பக்கம் அது. பாறைகள் வெளுத்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுப்பாக இருந்தது.

"அது இன்னாப்பா, கறுப்பா?"

"புல்லு எரிஞ்சிருக்கும்மா. மழை பேஞ்சா திரும்ப வந்துடும்."

டீ வந்தது. அக்கா டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்தப் பக்கத்த ஏம்ப்பா மூடுனீங்க? துருன்னு சொல்லாதீங்க. துருன்னா இடது பக்கமும்தான் இருந்துச்சி."

அப்பா டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கி பஸ் ஸ்டாண்டாண்ட, பஸ்ஸு பக்கத்துல நின்னப்ப, நீ மூஞ்ச மூடிக்கினியேம்மா. எல்லாரும் பாக்குறாங்கன்னு..."

அக்கா திரும்பினாள். "புகைப்பா! பஸ்காரன் மூஞ்சிலயே உட்டான் புகைய. உங்களுக்கு அடிக்கலியா?"

முதலில் சிரித்தது அம்மா. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா காலி டம்ளரை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார். அவர் கண் கலங்கியிருந்தது. இப்போது யோசித்தால், அன்று ஆட்டோவில் அந்தப் பார்வைகளைத் தாங்க முடியாமல் போனது அவருக்குத்தான். ஸ்கூட்டரை ஓட்டியவர் அவர். பேருந்து ஜன்னல்களிலிருந்து குனிந்த ஒவ்வொரு முகமும் தன்னைக் கேள்வி கேட்பதாக நினைத்திருப்பார். தகட்டை அவர் அடித்தது அக்காவுக்காக என்றுதான் நம்பினார். அந்த நம்பிக்கையில் பொய் இல்லை.

"அத வெட்டி எடுத்துடுங்க," என்றாள் அக்கா. "பெரிய ஜன்னலா வெய்ங்க. திரையும் வேணாம். காலேஜுக்குப் போறேன்."

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும்பா. நானும் பாப்பேன்ல?"

மீதிச் சுற்றை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பெயிண்ட் முழுதாக உலர்வதற்குள் அப்பா பாயிடம் போய் மறுபடியும் கட்டிங் மெஷின் கேட்டார். பாய் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஏசின்னு நான்தான சார் சொன்னேன்," என்று தானும் கூடவே வந்தார். இந்த முறை மூட்டை இல்லை. அக்கா தன் நாற்காலியிலேயே சாய்தளத்தில் ஏறி, கொக்கி மாட்டி, உள்ளே உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டு அத்தை, பால்காரர், பாய், எதிர்மனையில் கொத்து வேலை செய்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அப்பா கையில் சாக்பீஸோடு அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

"நேரா பாரும்மா. கண்ணு எங்க வருது?"

அக்கா நேராகப் பார்த்தாள். அவர் தகட்டில் கோடு போட்டார்.

இன்றைய நிலவரம். வேன் ஓடுவதில்லை, எஞ்சினுக்கு உதிரி பாகம் கிடைக்காமல் போனதும் பாய் பட்டறைக்குப் பின்னால் நிறுத்தினோம், இப்போது பாயின் மகன் அதில் கம்பி அடுக்குகிறார். வெட்டி எடுத்த தகடு எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருக்கிறது. அக்கா வேலூரில் வங்கியில் வேலை பார்க்கிறாள். கையாலேயே பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இயக்கும் கார் வைத்திருக்கிறாள். மாதம் ஒருமுறை வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றுவாள். மலை வலப்புறம், ஓட்டுகிற அவள் பக்கம் வரும். அப்பா இடது பக்கம் உட்காருவார்.